மூன்றாவது குடம்

புகார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் ஃபாதர். மேலே ‘விண்ணப்பம்’ என்றுதான் போட்டிருக்கிறேன். முதலில் ‘புகார்’ என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். அவசரமில்லை, மெதுவாகப் படியுங்கள். ஒரே பக்கம்தான். ஆனால் ஒரு பக்கத்தில் என்ன புரியும்? நீங்கள் பனிமுனைக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. நான் வந்து மூன்று வருடம். ஊரார் வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது என்று வந்தேன்.

என் பெயர் குருநாதன். சாத்தூர்ப் பக்கம். கோயிலுக்குத் தெற்கே, கடலோரத்தில், கண்ணாடிக் குழாய்கள் வரிசை வரிசையாக வெயிலைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கின்றனவே, பார்த்திருப்பீர்கள். அந்த நிலையம் என் பொறுப்பில் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதா, இருந்தது என்று சொல்வதா, தெரியவில்லை. அது உங்கள் கையில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் கல்லூரி அதை ஊர்க் கமிட்டியிடம் ஒப்படைக்கிறது. ஒப்படைக்கிற தாளில் பொறுப்பாளர் என்று ஒரு பெயர் எழுத வேண்டும். குழாயில் என்ன தண்ணீர் விடுவது என்று ஒரு வரி எழுத வேண்டும். இந்த ஊரில் கமிட்டித் தலைவர் எப்போதும் பங்குச் சாமியார்தான். ஆகவே அந்த இரண்டையும் எழுதப்போவது நீங்கள்.

எந்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது. வெயில் அந்தக் குழாய்களில் ஓடும் தண்ணீரைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை வைத்துத்தான் மீன் அறைக்குக் குளிர் உண்டாக்குகிறோம். சிரிக்கிறீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். ‘அடுப்ப மூட்டி ஐஸ் போடுதாவ’ என்று இந்த ஊர்ப் பெண்கள் முதல் வருடம் முழுக்கச் சிரித்தார்கள். மின்சாரம் செய்கிற வேலையை இங்கே சூடு செய்கிறது, அவ்வளவுதான். அந்த வேலை முடிந்த பிறகும் சூட்டில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே மூடிய கலங்களில் கடல் தண்ணீர் இருக்கிறது. கலத்திலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், அந்த மிச்சச் சூட்டிலேயே கடல் தண்ணீர் கொதித்துவிடும். ஆவி குளிர்ந்தால் நல்ல தண்ணீர். ஒரே வெயில், இரண்டு வேலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு. அதைத் திருப்பினால் மொத்தச் சூடும் தண்ணீருக்குப் போகும். குளிர் நிற்கும், தண்ணீர் கூடும்.

இதை இங்கே கொண்டுவந்தது எங்கள் பேராசிரியர். பொருத்தி ஓட்டிக் காட்டியது நான். இருபத்தாறு வருடம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். எனக்கு உதவிக்கு உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது கமிட்டி கொடுத்த ஆள்தான் ததேயு.

ததேயுவைப் பார்த்திருப்பீர்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பின்வரிசையில் நின்றிருப்பான். அவன் எங்கே நின்றாலும் நாலு பேர் அவனைச் சுற்றி நிற்பார்கள். நாற்பது வயது. வள்ளங்களின் எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். பத்தாம் வகுப்பு. கை சுத்தம், வேலையில் சோம்பல் கிடையாது. நான் பொய் சொல்ல வரவில்லை ஃபாதர். அவனிடம் நல்லது இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

முதல் வருடம் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. குளிருக்கு எவ்வளவு சூடு, தண்ணீருக்கு எவ்வளவு சூடு என்று எப்படிப் பிரிப்பது? மணிக்கு மணி அளவெடுத்து, வரைபடம் போட்டு, பதினெட்டுப் பக்கம் எழுதினேன். ததேயு வந்து எட்டிப் பார்த்தான்.

“என்ன அண்ணாச்சி, பரிச்சைக்குப் படிக்கியளா?”

சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டான்.

“சனிக்கெழம சாயங்காலம் இங்க எவனும் கடலுக்குப் போமாட்டான் அண்ணாச்சி. ஞாயிறு பூச. மீனு கெடையாது. காலி ரூமுக்கு எதுக்குக் குளிரு? காலைலயே சூட்ட முழுசும் தண்ணிக்குத் திருப்பிவுட்ருவோம். மூணு மணிக்கு மறுபடி குளிருக்கு மாத்துனா, திங்கக்கெழம மீனு வரதுக்குள்ள ரூம் ரெடியாயிரும்லா?”

அவ்வளவுதான். பதினெட்டுப் பக்கத்துக்கு அவன் சொன்ன பதில் இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடலுக்குப் போக மாட்டார்கள் என்பது என் வரைபடத்திலும் இருந்தது ஃபாதர். ஏழு நாளைக்கு ஒருமுறை மீன் அறை காலியாக இருந்ததைக் குறித்து வைத்திருந்தேன். ‘காரணம் ஆராயப்பட வேண்டும்’ என்று அடிக்குறிப்பும் போட்டிருந்தேன்.

பேராசிரியர் வந்தபோது என் பக்கங்களைப் புரட்டிவிட்டு “நன்றாக உழைத்திருக்கிறீர்கள்” என்றார். பிறகு வெளியே போய் ததேயுவின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். படம் எடுத்தது நான்தான்.

அன்றைக்குப் பொறாமைப்பட்டேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றுதான் தோன்றியது. வெயில் முகத்தில் அடிக்காமல் இருவரையும் நிழலில் நிற்கவைத்து, இரண்டு படம் எடுத்தேன். பொறாமைப்படுகிறவன் இரண்டாவது படம் எடுப்பானா?

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க ஒரு கருவி உண்டு. கடல் தண்ணீரில் வைத்தால் முப்பத்தைந்தாயிரம் காட்டும். உங்கள் கோயில் கிணற்றில் ஆயிரத்து எண்ணூறு. கேன் தண்ணீர் எழுபது, எண்பது. என் எந்திரத்திலிருந்து வருகிற தண்ணீர் எவ்வளவு தெரியுமா? நாலு. வெறும் நாலு! அப்படி ஒரு தண்ணீரை இந்த ஊர் மூன்று தலைமுறையில் பார்த்திருக்காது. நிலைய வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, தினமும் காலையில் அளந்து சாக்பீஸால் எழுதிவைப்பேன். இன்றைய உப்பு அளவு: 4.

பிலோமினா என்று ஒருவர், ஏலக்கூடத்தில் மீன் எடுத்து விற்கிறவர், ஒரு வாரம் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“சார், நானும் பாக்கேன், நாலுலயே நிக்கி. எப்ப பாஸ் மார்க்கு எடுக்கும்?”

நான் விளக்கினேன். குறைந்தால்தான் நல்லது என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, “அப்டியா சார்” என்று சொல்லிவிட்டு, கேன் தண்ணீர் வண்டிக்குப் போய்விட்டார்.

குடிக்க மாட்டேன் என்றார்கள் ஃபாதர். திறப்பு விழாவுக்கு வந்து குடம் குடமாகப் பிடித்துப்போனவர்கள் பத்தே நாளில் நின்றுவிட்டார்கள். ‘சப்புனு இருக்கு.’ ‘தொண்டையில எறங்கவே மாட்டேங்கு.’ ‘டீ போட்டா டீ மாதிரியே இல்ல.’ இதுதான் பேச்சு. தலைக்குக் குளிக்கப் பிடித்தார்கள். முடி பட்டுப் போல இருக்கிறதாம். விசைப்படகுக்காரர்கள் பேட்டரிக்கு ஊற்ற பாட்டிலில் பிடித்துப்போனார்கள். கடலைக் காய்ச்சி அமிர்தம் எடுத்துக் கொடுத்தால் பேட்டரிக்கு ஊற்றுகிறார்கள்!

ததேயு ஒருநாள் மெல்ல ஆரம்பித்தான்.

“அண்ணாச்சி, கோயில் கெணத்துத் தண்ணிய ஒரு கை சேத்துப் பாப்பமா? நாக்குக்கு ஒரு பிடிப்பு வேணும்லா? இவ்வளவும் உப்புத் தண்ணி குடிச்ச நாக்கு.”

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? “ததேயு, உப்பை எடுப்பதற்காகத்தான் இந்த எந்திரமே. எடுத்ததைத் திரும்பவும் போடச் சொல்கிறாயா?” என்றேன். “சரி அண்ணாச்சி” என்றான். அவன் எப்போதும் சரி அண்ணாச்சி என்றுதான் சொல்வான். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்குப் பிடித்திருக்கும்.

பிறகு என் தங்கை மகள் கல்யாணம் வந்தது. ஒன்பது நாள் சாத்தூரில் இருந்தேன். என் மனைவி இந்திராணி பள்ளிக்கூடத்தில் சத்துணவு மேற்பார்வைக்கு உதவியாகப் போய்க்கொண்டிருந்தாள். தேர்வுச் சமயம். அதனால் கல்யாணத்தன்று மட்டும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டாள். நான் ஒன்பது நாள் கழித்து வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், நிலையத்து வாசலில் குடங்கள்! நீலம், பச்சை, சிவப்பு, வரிசை மீன் அறை வரைக்கும் போகிறது. கேன் வண்டிக்காரன் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். ஒரு நல்ல விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பலகையில் எழுதிக்கொண்டே இருந்தால் மக்கள் ஒருநாள் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். அன்று இரண்டு கலர் சாக்பீஸ் வாங்கினேன். அந்த நாலை மஞ்சளில் எழுதி, சுற்றிலும் ஒரு வட்டம் போட்டேன்.

நாற்பது நாள் ஃபாதர். நாற்பது நாள் நான் இந்த ஊரில் ராஜாவாக நடந்தேன். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகும்போது பலகையைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கும் நாலு! நல்லா வந்திருக்கு சார்” என்பார்கள். ஏலக்கூடத்தில்கூட எனக்கு ‘நாலு சார்’ என்றுதான் பெயர். நான் அதை மரியாதை என்று நினைத்தேன்.

நான் அளப்பது எந்திரத்தின் வாயில். அவர்கள் பிடிப்பது தெருக்குழாயில். இரண்டுக்கும் நடுவில் ஒரு தொட்டி இருக்கிறது. இருபத்தாறு வருடம் அளப்பதையே தொழிலாகக் கொண்டவன், தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒருநாள்கூடக் கருவியை வைத்துப் பார்க்கவில்லை. எந்திரம் கொடுப்பதைத்தானே குழாய் கொடுக்கும்?

நாற்பத்தோராம் நாள் கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். முப்பது பேர். குழாயடியில் நிறுத்திப் பேசினேன். எப்படி இந்த மக்களிடம் விழிப்புணர்வு கொண்டுவந்தோம், எப்படி நாலு என்ற எண்ணின் அருமையை அவர்களுக்குப் புரியவைத்தோம் என்றெல்லாம். நன்றாகவே பேசினேன். பெண்கள் குடத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாணவி ஒருத்தி பையிலிருந்து பேனா போல ஒரு கருவியை எடுத்து பிலோமினாவின் குடத்தில் வைத்தாள்.

“சார், நூற்றெண்பத்திரண்டு காட்டுது.”

முப்பது பிள்ளைகளும் என்னைப் பார்க்கிறார்கள். அப்போது பிலோமினா சொல்கிறார்:

“பாப்பா, ஒன் பேனாவுல பேட்டரி தீந்திருக்கும். இது நாலுதான். நாங்க தெனம் குடிக்கோம்லா, எங்களுக்குத் தெரியாதா?”

பின்னாலிருந்து இன்னொரு பெண், “கொடத்துல பழைய உப்பு ஒட்டியிருக்கும்” என்கிறாள். இன்னொருத்தி, “நேத்து இதுல கருவாடு ஊறப் போட்டா அவ” என்கிறாள். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். எவ்வளவு நக்கல் பாருங்கள் ஃபாதர். முப்பது பிள்ளைகள் முன்னால், முகத்தில் சிரிப்பே இல்லாமல் நக்கல் செய்கிறார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்குப் போய் இந்திராணியிடம் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?” என்றாள்.

நான் ஊரில் இல்லாத அந்த ஒன்பது நாளில் நடந்தது இது. ததேயு பள்ளி வராந்தாவில் ஐந்து குடம் வைத்திருக்கிறான். ஒன்றில் வெறும் நாலு. மற்ற நான்கிலும் கிணற்றுத் தண்ணீர், ஒன்றைவிட ஒன்றில் கொஞ்சம் கூடுதலாக. ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். எது எந்தக் குடம் என்று சொல்லவில்லை. எல்லாரும் மூன்றாவது குடத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு பங்கு கிணறு, ஒன்பது பங்கு நம் எந்திரம். சுகாதாரத் துறை ஆளைக் கேட்டு, கிணற்றுத் தண்ணீருக்குக் குளோரின் போட்டுத்தான் தொட்டியில் சேர்க்கிறான். அதிலெல்லாம் சரியாகத்தான் இருப்பான்.

“நீயும் குடித்துப் பார்த்தாயா?” என்று கேட்டேன்.

“ஆமா. நானும் மூணாவதத்தான் காட்டுனேன்.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“சொல்லக் கூடாதுன்னு ததேயு தம்பி எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டாரு. ‘அண்ணாச்சி அந்த நாலுக்காக ரெண்டு வருசம் உசுரக் குடுத்திருக்காரு. போர்டு அப்டியே இருக்கட்டும்’னு.”

எவ்வளவு தந்திரம் பாருங்கள். ஊரையே கூட்டிச் சத்தியம் வாங்கி, ஒரு ஆளை மட்டும் இருட்டில் வைத்திருக்கிறான். சத்தியம் கொடுத்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி. கட்டியவளுக்கு என்னைவிட அவன் பேச்சு பெரிதாகப் போய்விட்டது. தெருக்குழாயில் அவள் நிற்கும்போது “மைனி, கொடத்தக் குடுங்க, நான் தூக்கியாறேன்” என்று வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவான். அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்ல பையன் என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு அதைப் பார்த்தாலே எழுந்து உள்ளே போய்விடுவேன். தப்பாக நினைக்காதீர்கள் ஃபாதர், அந்த மாதிரிச் சந்தேகம் ஒன்றும் கிடையாது. அதைவிட மோசம். மூன்றாவது குடம் நன்றாயிருக்கிறது என்று என்னிடம் சொல்லாமல் அவனிடம் சொல்லியிருக்கிறாளே, அதுதான்.

அவனிடம் கேட்டேன். ஒளிக்கவில்லை.

“தப்புத்தான் அண்ணாச்சி. சொல்லியிருக்கணும். நிப்பாட்டிரவா?”

நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். வரிசையைப் பார்த்தேன். வாயில் வரவில்லை. ‘எப்படியோ போ’ என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு குடம். அவளுக்குத் தெருக்குழாய்த் தண்ணீர். எனக்கு எந்திரத்தின் வாயிலிருந்து நானே பிடித்துவருகிற நாலு. அவள் சமையலை அவள் தண்ணீரில் செய்வாள். எனக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் குக்கரில் என் தண்ணீரில் சோறு. “குருவுக்கு நைவேத்தியம்” என்பாள்.

இந்த மே மாதம் நடந்ததை மற்றவர்கள் உங்களிடம் வேறு மாதிரிச் சொல்வார்கள். நான் சொல்கிறேன். காற்று உறிஞ்சும் பம்பில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. கோடை வந்தால் விறைத்துவிடும், அதற்கு முன் மாற்றிவிட வேண்டும். அதை நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை. இந்த வருடம் மாற்ற வேண்டிய நாள் எனக்குத் தெரியும். மாற்றவில்லை. மறந்தேனா? அதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மறந்தவனுக்கு மறந்த தேதி ஞாபகம் இருக்குமா?

திருவிழாக் கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வளையம் போனது. கலத்துக்குள் காற்றுப் புகுந்துவிட்டால் கடல் தண்ணீர் கொதிக்காது. தண்ணீர் நின்றது. எனக்குக் காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். உடம்பு சூடாகத்தான் இருந்தது ஃபாதர், இந்திராணி தொட்டுப் பார்த்தாள், அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று நாள். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து நிறைந்த வீடுகள். பெண்கள் நெடுஞ்சாலை வரைக்கும் நடந்து போய் லாரியை மறித்துத் தண்ணீர் பிடித்தார்கள். பிலோமினா வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட்டிருந்தார். தண்ணீர்தான் கிடைக்கவில்லை, மீனாவது கெடாமல் இருக்கட்டும் என்று ததேயு சூட்டையெல்லாம் குளிருக்குத் திருப்பிவைத்திருக்கிறான். ஒரு கூடை மீன்கூடக் கெடவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தேன். ஒரு சீலா மீன் கொண்டுவந்திருந்தான். இந்திராணியிடம் காய்ச்சல் எத்தனை, மாத்திரை என்ன, ராத்திரி சாப்பிட்டாரா என்று கேட்டான். காப்பி குடித்தான். போய்விட்டான். எந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை! ஊரே தண்ணீருக்குத் தவிக்கிறது, அதைச் சரிசெய்ய எனக்குத்தான் தெரியும் என்று அவனுக்கும் தெரியும், வந்து உட்கார்ந்து கேட்கவில்லை என்றால் எவ்வளவு திமிர் இருக்க வேண்டும்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் விடியும்போது நானே போனேன். இருபது நிமிடம். வளையத்தை மாற்றிவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொண்டேன். எட்டு மணிக்குத் தெருவில் சத்தம்: ‘ததேயு சரி பண்ணிட்டான்! தண்ணி வந்திட்டு!’ கோயில் மைக்கில் அவன் அறிவிப்புச் செய்தான். “எந்திரத்தச் சரி பண்ணுனது நான் இல்ல, குருநாதன் அண்ணாச்சி. காய்ச்சலோட வந்து பண்ணிக் குடுத்திருக்காரு. அவரு இல்லாம இது ஓடாது.” இரண்டு தடவை சொன்னான். யார் நம்பினார்கள்? ‘நம்ம ததேயுவுக்கு எவ்ளோ பெரிய மனசு, பேர அவருக்குக் குடுக்கான் பாரு’ என்று எங்கள் வாசலிலேயே பேசிக்கொண்டு போனார்கள். உண்மையைச் சொல்லிக்கூட அவனுக்குத்தான் பெயர் கிடைக்கிறது. நான் என்ன செய்தால் எனக்குக் கிடைக்கும், நீங்கள் சொல்லுங்கள்.

அதனால்தான் இந்த விண்ணப்பம். இரண்டே கோரிக்கை. ஒன்று, பொறுப்பாளர் என்று என் பெயரை எழுத வேண்டும். படிப்பு, அனுபவம் எல்லாம் கீழே கொடுத்திருக்கிறேன். இரண்டு, கிணற்றுத் தண்ணீர் கலப்பதை உடனே நிறுத்த வேண்டும். எந்திரம் கொடுக்கிற தண்ணீரை அப்படியே கொடுக்க வேண்டும்.

என்ன கேட்டீர்கள்? நான் எதைக் குடிக்கிறேன் என்றா? சொன்னேனே, நாலு. எட்டு மாதமாக நாலுதான்.

இல்லை. சாமியாரிடம் வந்து உட்கார்ந்துகொண்டு… நான் உங்கள் சபை இல்லை, பாவசங்கீர்த்தனம் எனக்குக் கிடையாது. ஆனாலும் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். வெயிலில் குழாய்களைத் துடைத்துவிட்டு வந்தேன். இந்திராணி வீட்டில் இல்லை. என் குடம் காலி. அவள் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு குடித்தேன். நின்றபடியே. பிறகு இன்னொரு செம்பு. பிறகு இன்னொன்று. நன்றாயிருந்தது ஃபாதர். தொண்டையில் நின்று இறங்கியது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் போலவும் இல்லை, கேன் தண்ணீர் போலவும் இல்லை. இது இந்த ஊர்த் தண்ணீர் என்று இருந்தது. எட்டு மாதமாக வெறும் நாலைக் குடித்துவிட்டு அதைக் குடித்தபோது எனக்கு அழுகை வந்தது. நன்றாயிருந்ததற்காக அழவில்லை. அதைச் செய்தவன் நான் இல்லையே என்று.

இன்னும் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் முதலில் போட்ட வரைபடத்தில் தொட்டிக்கு முன்னால் ஒரு சின்னக் கலம் இருந்தது. ஆவியிலிருந்து வருகிற தண்ணீர் வெறுமையாக இருக்கும், குடிப்பதற்குக் கொடுக்கும் முன்னால் கொஞ்சம் தாது சேர்க்க வேண்டும் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. கல்லூரியில் மாணவர்களுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நூற்றெண்பது என்பது எந்த விதிக்கும் மீறியது இல்லை. ஐநூறு வரைக்கும் போகலாம். அந்தச் சின்னக் கலத்தை வேண்டாம் என்று எடுத்துவிட்டது யார் என்று கேட்க மாட்டீர்கள், தெரியும். அதை வைத்தால் பலகையில் நாலு என்று எழுத முடியாது.

அப்படிப் பார்க்காதீர்கள். கொடுங்கள் அந்தத் தாளை. உங்கள் பேனாவையும்.

இரண்டாவது கோரிக்கையை அடித்துவிடுகிறேன். பாருங்கள், அடித்துவிட்டேன். இப்படி எழுதலாம்: ‘பொறுப்பாளர் குருநாதன் அவர்களின் உத்தரவின்படி, குடிநீரில் கிணற்று நீர் உரிய அளவில் சேர்க்கப்படும்.’ கலக்கட்டும். ததேயுவே கலக்கட்டும். ஆனால் உத்தரவு என்னுடையதாக இருக்க வேண்டும். இது ஒன்றும் பெரிய ஆசை இல்லையே? தொழில்நுட்ப ரீதியாகவும் இதுதான் சரி.

‘உரிய அளவில்’ என்று எழுதினால் கல்லூரி ஒப்புக்கொள்ளாது. எண் வேண்டும். ஒன்பதுக்கு ஒன்று… இல்லை, அது போன வருடம். கோடையில் கிணறு உப்புக் கட்டிவிடும், அளவு மாறும். மழை பெய்தால் மறுபடி மாறும். ததேயு தினமும் விடியற்காலையில் பிலோமினாவையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டு, நாக்கில் விட்டுப் பார்த்துத்தான் அன்றைக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிறான். அதை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. எந்திர அறை ஜன்னலில் இருந்து பார்த்ததோடு சரி.

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன் ஃபாதர். இங்கே, இந்தக் கோட்டில். நீங்கள் ததேயுவைக் கூப்பிட்டு, எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்டதாகச் சொல்லிவிடாதீர்கள்.

சொன்னாலும் அவன் ஒன்றும் நினைக்க மாட்டான். அதைத்தான் ஃபாதர் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.